ராட்டினத்துச் சங்கும் ஆலைச் சங்கும்

கும்மிடிப்பூண்டியில் சங்கு நேரத்துக்கு ஊதினால் யாரும் தலையைத் தூக்கிக்கூடப் பார்ப்பதில்லை. காலை ஷிப்டுக்கு ஊதும், மதியம் ஊதும், இரவு ஷிப்டுக்கு ஊதும். அதை வைத்துத்தான் நாங்கள் உலை வைக்கிறோம், குழாயடிக்குக் குடம் தூக்குகிறோம். நேரம் தப்பி ஊதினால்தான் வேறு கதை. அப்போது எங்கள் காலனியில் ஒரு பெண்ணும் வாய் திறக்கமாட்டாள். எரிகிற அடுப்பில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றுவாள். கையைத் துடைக்காமல் வாசலுக்கு வருவாள். அடுத்த வீட்டுக்காரி வந்துவிட்டாளா என்று ஒரு பார்வை பார்ப்பாள். பிறகு எல்லோரும் ஒரே கூட்டமாக இரும்பு ஆலையின் கேட்டுக்கு நடப்பார்கள். கேட்டில் போய் நின்றால் உள்ளேயிருந்து லாரி வரும். அடிபட்டவன் அதில் படுத்திருப்பான். யாருடைய ஆள் என்று தெரிகிறவரை லாரி நிற்கும். உரியவள் ஏறிக்கொள்வாள், லாரி மெட்ராஸுக்குப் போகும், மற்றவர்கள் வீடு திரும்பி ஈர அடுப்பை மறுபடியும் மூட்டுவார்கள்.

ரங்கூனில் பிறந்து வளர்ந்த எனக்கு இது ஒன்றும் புரியவில்லை. காலனிக்கு வந்த புதிதில் ஒருநாள் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தேன். சங்கு ஊதியது. ஊதிவிட்டுப் போகட்டும் என்று கடுகைப் போட்டேன். பக்கத்து வீட்டுக் காசியம்மா உள்ளே நுழைந்தாள். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில் பிறந்தவள். புருஷனுக்கு ஆலையில் வேலை கிடைத்ததும் வலையை விட்டு இங்கே வந்தவள். "இன்னாக்கா நீ, சங்கு ஊதிக்கினே கீது, நீ சொம்மா குந்திக்கினு தாளிச்சிக்கினு கீறே?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் என் குடத்தைச் சாய்த்து என் அடுப்பில் கவிழ்த்துவிட்டாள். சாம்பலும் புகையும் என் முகத்தில். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றே நினைத்துக் கரண்டியை ஓங்கினேன். அவள் கரண்டியைப் பார்க்கவே இல்லை. என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தாள். அவர்கள் குப்பத்தில் காற்று மாறினால் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டுக் கரையில் போய்ப் பேசாமல் நிற்பார்களாம். தண்ணீருக்குள் இருக்கிறவன் கரையைப் பார்க்கும்போது ஆள் தெரிய வேண்டுமாம். அந்த வழக்கத்தை அவளும் அவளைப் போன்றவர்களும் ஆலை வாசலுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குக் குழம்பு போனதுதான் கவலை.

இதை நான் இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. ரங்கூனிலிருந்து எங்களோடு ஒரே கப்பலில் வந்து திருச்சிப் பக்கம் குடியேறிய உறவுக்காரி ஒருத்தி ஆள் மூலம் கேட்டனுப்பினாள். அவர்கள் ஊருக்கு ராட்சச ராட்டினம் வருகிறதாம். 'ஸ்பெஷல்' நாட்களில் இரட்டை வேகத்தில் சுற்றுமாம். போகலாமா, அதனால் ஏதும் பிரயோசனம் உண்டா, நீதான் ராட்டினக்காரன் பெண்டாட்டி ஆயிற்றே, சொல் என்றாள். ரங்கூனிலும் மோல்மேனிலும் இன்னும் இருக்கிறவர்களுக்கும், இங்கே ஊர் ஊராகச் சிதறிப்போனவர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. போகலாம், போகக்கூடாது என்று ஒரே வார்த்தையில் என்னால் சொல்ல முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ராட்டினக்காரன் பெண்டாட்டி என்று அவள் கேலி செய்ததற்கு அர்த்தம் நம்மவர்களுக்குத் தெரியும். இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டும். ரங்கூனில் பயா திருவிழா நாட்களில், அதாவது பகோடாவைச் சுற்றிக் கூத்தும் கடையுமாக இருக்கும் நாட்களில், மரத்தால் செய்த பெரிய ராட்டினம் போடுவார்கள். அதற்கு எஞ்சின் கிடையாது. மனிதர்கள்தான் எஞ்சின். லுங்கியை வரிந்து கட்டிய பையன்கள் சட்டத்தில் கால் வைத்து விறுவிறுவென்று உச்சிக்கு ஏறுவார்கள். ஒருவன் குரல் கொடுப்பான். எல்லோரும் ஒரே பக்கத்தில் தொங்குவார்கள். அந்தப் பாரத்தில் ராட்டினம் சுற்ற ஆரம்பிக்கும். தரை வரும்போது குதித்து ஓடி மறுபடியும் ஏறுவார்கள். நிறுத்த வேண்டுமென்றால் எதிர்ப்பக்கத்தில் தொங்கவேண்டும். நம்மவர்களில் யாரும் அந்த வேலைக்குப் போனதில்லை, என் வீட்டுக்காரரைத் தவிர. அவர் பெயர் கருப்பையா. துறைமுகத்தில் மரவாடியில் வேலை. திருவிழா வந்துவிட்டால் மரவாடியை மறந்துவிட்டு ராட்டினத்தில் பூனை மாதிரி ஏறிக்கொண்டிருப்பார்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கன்னத்தில் தனாக்கா மரப்பட்டையைச் சந்தனம் மாதிரி அரைத்து அப்பிக்கொண்டு, தோழிகள் முன்னால் பெரிய வீராங்கனை மாதிரி ராட்டினத்தில் ஏறிவிட்டேன். உச்சிக்குப் போனதும் பெட்டியின் விளிம்பைக் கட்டிக்கொண்டேன். "ஐயோ நிறுத்துங்களேன்!" என்று தமிழில் கத்தினேன். பர்மாக்காரப் பையன்கள் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. சட்டத்தின் மேலேயே குறுக்கே ஓடி எதிர்ப்பக்கத்தில் தொங்கினார். ராட்டினம் முனகிக்கொண்டு வேகம் குறைந்தது. என் பெட்டி தரைக்கு வந்து நின்றது. மற்றப் பெட்டிகளில் இருந்தவர்கள் பர்மிய மொழியில் அவரை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளாமல், "எறங்கு புள்ள, அழுவாதே" என்றார். நான் கூவினால் இந்த ஆள் நிறுத்துவார் என்ற ஒரே தைரியத்தில்தான் அவரைக் கட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டில் சண்டை வந்தால் இன்றைக்கும் இதைச் சொல்லிக் காட்டுவார்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கெல்லாம் நடந்ததுதான். கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அந்த ஊரில் நாம் கலாக்கள், அதாவது அந்நியர்கள், போக வேண்டியவர்கள். கப்பலில் ஏற்றினார்கள். மெட்ராஸில் இறங்கியதும் கும்மிடிப்பூண்டி முகாமில் கொண்டுவந்து விட்டார்கள். அங்கே நாங்கள் பர்மாக்காரர்கள். பாம்பு தின்பீர்களா என்று கேட்டவர்கள் உண்டு. மீன்குழம்பில் சேமியா போட்ட எங்கள் மொய்ங்காவைச் செய்து கொடுத்தால் முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தவர்கள் உண்டு. நாங்கள் பேசியதும் தமிழ், அவர்கள் பேசியதும் தமிழ். ஆனாலும் கடைத்தெருவில் நான் வாயைத் திறந்தால் சுற்றி நாலு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். என் வீட்டுக்காரர் முதலில் செங்கல் சூளைக்குப் போனார். பிறகு தொழிற்பேட்டை வந்தது. நெல் விளைந்த நிலங்களுக்கு நடுவே தகரக் கொட்டகைகள் எழும்பின. கம்பி உருட்டுகிற ஆலை ஒன்றில் அவருக்கு வேலையும் பக்கத்துக் காலனியில் வீடும் கிடைத்தன. பழுக்கக் காய்ந்த இரும்பு ஒரு உருளையிலிருந்து சீறிக்கொண்டு வரும். அதை இடுக்கியால் பிடித்து அடுத்த உருளையில் கொடுக்க வேண்டும். தடம் மாறினால் கம்பி பாம்பு மாதிரி எழும்பிப் பாயும். என் பழைய ரங்கூன் லுங்கியில் ஒரு பச்சைக் கட்டம் போட்டது இருந்தது. அதைக் கிழித்துத் தலையில் கட்டிக்கொண்டு போவார். ராட்டினத்தில் ஏறியவனுக்குக் கால் சுறுசுறுப்பு உண்டு, கம்பி என்னைப் பிடிக்காது என்பார். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது.

நான் சொல்ல வந்த அந்த வருஷம் திருவள்ளூர் தை அமாவாசைக் கூட்டம் முடிந்ததும் ராட்டினக்காரர் ஒருவர் எங்கள் பக்கம் வந்தார். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆள். எல்லோரையும் நைனா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அவருக்கே நைனா என்று பெயர் விழுந்துவிட்டது. அறுவடை முடிந்த வயலை அதன் சொந்தக்காரரிடம் கேட்டு வாங்கி ராட்சச ராட்டினம், மரணக் கிணறு, கண்ணாடி மண்டபம் எல்லாம் போட்டார். ஆலைக்கும் வயலுக்கும் நடுவே ஒரு வாய்க்காலும் ஒரு சாலையும்தான். டீசல் எஞ்சின் புகையும் ஆலைப் புகையும் ஒன்றாகப் போய்க் கலந்தன. ஸ்பெஷல் நாட்களில் இரட்டை வேகம், கூடவே அபாயச் சங்கு. "இதய பலகீனம் உள்ளவங்க தயவுசெஞ்சி ஏற வேண்டாம்!" என்று மைக்கில் அலறுவார். அதைக் கேட்டபின் ஊரில் ஒருவருக்கும் இதயம் பலகீனமாக இல்லை.

அந்தச் சங்குதான் விஷயம். சண்டைக் காலத்தில் விமானம் வருகிறது என்று எச்சரிக்கக் கையால் சுற்றி ஊதுவார்களே, அந்த மாதிரி. மெட்ராஸில் பழைய இரும்பு விற்கும் இடத்தில் வாங்கியிருக்கிறார். ஆலைச் சங்கும் அதே இடத்தில் அதே ஆளிடம் வாங்கியதாம், அதையும் பின்னால்தான் சொன்னார்கள். முதல் ஸ்பெஷல் நாளன்று ராட்டினம் புறப்படும் முன் அது ஊதியது. காலனியே அடுப்பை அணைத்துக்கொண்டு ஓடியது. நானும்தான், அதற்குள் எனக்கும் அந்தப் பழக்கம் வந்திருந்தது. கேட்டில் வாட்ச்மேன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ராட்டினம்மா அது! ஊட்டுக்குப் போங்க!" என்றார். ஒரு பெண் மண்ணை வாரி ராட்டினத்தின் பக்கம் தூற்றினாள். இன்னொருத்தி சிரித்துவிட்டாள். பிறகு எல்லோரும் சிரித்தோம். அப்படிச் சிரித்திருக்கக் கூடாது. ஆனால் கூட்டத்தில் சிரிப்பு வந்தால் யாரால் அடக்க முடியும்? அடுத்த ஸ்பெஷல் நாளில் பாதி வழி வரை போனோம். அதற்கடுத்த முறை வாசல் வரை. பிறகு காசியம்மாவே சங்குச் சத்தத்துக்கு நடுவில் அடை தட்டிக்கொண்டிருந்தாள். நான் சும்மா இருக்காமல், "என் குழம்பைக் கொட்டினாயே, இப்போ உன் அடுப்பு எரியுதே?" என்று கேட்டேன். "தெனம் தெனம் பயந்துக்கினே இருந்தா பேஜாருக்கா. அது பொய்ச் சங்கு. இது தெரியாதா நமக்கு?" என்றாள்.

என் வீட்டுக்காரர் ஒரே ஒருநாள் அந்த ராட்டினத்தைப் பார்க்கப் போனார். ஏறவில்லை. எஞ்சினைச் சுற்றி வந்தார், பெல்ட்டைப் பார்த்தார், உச்சியை அண்ணாந்து பார்த்தார். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே, "இதுக்குக் காது கேக்காது புள்ள" என்றார். நீங்கள் ரங்கூன் ராட்டினக்காரர், உங்களுக்கு எதைக் கண்டாலும் இளக்காரம் என்று மழுப்பினேன்.

காசியம்மா வேறு விதமாகப் பேசினாள். "ரங்கூன் ராட்டினம், ரங்கூன் ராட்டினம்னு எத்தினி நாளுக்குக்கா சொல்லிக்கினே இருப்பே? எங்க ஊரு ராட்டினத்துல ஒரு தபா ஏறிப் பாரு, அப்பால பேசு." வாரம் முழுக்க ஆலைச் சங்குக்குப் பயப்படுகிறோமே, எதற்காக அதற்குமேல் காசு கொடுத்து வேறு பயப்பட வேண்டும் என்று நான் கேட்டேன். அவள் சொன்னதை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். "அந்தப் பயம் எப்போ முடியும்னு தெரியாதுக்கா. இது எறங்கினா முடிஞ்சி பூடும். அதுக்கோசரம்தான் ஜனங்க ஏறுதுங்க." எனக்கு அது நியாயமாகப் பட்டது. இப்போதும் அதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

கடைசி ஸ்பெஷல் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆலைக்கு ஞாயிறும் ஒன்றுதான், திங்களும் ஒன்றுதான். எங்கள் இரண்டு பேர் வீட்டுக்காரர்களும் மதிய ஷிப்டில் இருந்தார்கள். போகும்போது அவரே, "போய்ட்டுத்தான் வாயேன், ஆசைப்பட்டு வச்சிருக்கே" என்று சொல்லிவிட்டுப் பச்சைக் கட்டத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கிளம்பினார். வெயில் சாயும் நேரத்தில் நானும் காசியம்மாவும் ஒரே பெட்டியில் ஏறினோம். ஒரு இரும்புக் கம்பியைக் குறுக்கே போட்டுக் கொக்கி மாட்டினார்கள். பொய்ச் சங்கு ஊதியது. எஞ்சின் உறுமியது. வயல், வாய்க்கால், பனைமரங்கள், தூரத்தில் ஏரித் தண்ணீர் எல்லாம் கீழே போயின. உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த ஊருக்கு வந்தபின் இந்த ஊரை முழுசாகப் பார்த்தது அப்போதுதான். காசியம்மா சின்னப் பெண்போல் கூவினாள். நானும் கூவினேன். கீழேயிருந்து நைனா மைக்கில், "இன்னும் ஜோரா கத்தும்மா!" என்றார்.

வேகம் ஏறியபின் சங்கு மறுபடியும் ஊதியது. ஒருவரும் அதை லட்சியம் செய்யவில்லை. கூட்டம் பொரி தின்றுகொண்டிருந்தது. எங்கள் பெட்டி கீழே வந்தபோது சங்கு சுற்றுகிற ஆள் என் கண்ணில் பட்டான். சங்கைத் தரையில் வைத்துவிட்டு ஒரு கள்ளிப்பெட்டிமேல் உட்கார்ந்து, இரண்டு கையாலும் டீ கிளாஸைப் பிடித்து ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான். சங்குச் சத்தம் மட்டும் நிற்கவில்லை. காசியம்மாவைப் பார்த்தேன். அவளும் அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் இன்னும் திறந்தே இருந்தது, கூவல் நின்றுவிட்டது.

பெட்டி மேலே போனது. உச்சியிலிருந்து ஆலைக் கேட் துல்லியமாகத் தெரிந்தது. கொட்டகையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். கேட்டுக்கு வெளியே யாரும் இல்லை. ஒரு பெண்கூட இல்லை. கீழே இறங்கும்போது எல்லாவற்றையும் கூட்டத்தின் தலைகள் மறைத்துவிட்டன. "நிறுத்துங்க! எறக்கி விடுங்க!" என்று அலறினேன். ராட்டினத்தில் எல்லோரும் அதைத்தான் அலறிக்கொண்டிருந்தார்கள். நைனா என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். "அக்காக்கு ஆசை அடங்கல! இன்னொரு சுத்து சேத்து உடு நைனா!" என்று எஞ்சின்காரனிடம் சொன்னார். அவர் மேல் நான் கோபப்பட்டு என்ன பயன்? அலறுகிறவர்களை இறக்கிவிட்டால் அவர் தொழில் என்ன ஆவது? மறுபடியும் மேலே போனோம். நாலைந்து பேர் ஒருவரைச் சாக்கில் போட்டுத் தூக்கி வந்தார்கள். முகம் தெரியவில்லை. தலையில் கட்டியிருந்தது தெரிந்தது. பச்சைக் கட்டம்.

நான் கொக்கியைக் கழற்றிக் கம்பியைத் தூக்கிவிட்டு எழுந்துவிட்டேன். குதித்திருப்பேன், அதில் சந்தேகமே இல்லை. காசியம்மா என் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு முழுப் பலத்தோடு என்மேல் சாய்ந்தாள். "குந்துக்கா! குந்து! நீ பூட்டா அவரு யாராண்ட போவாரு?" என்று காதோரம் கத்தினாள். நான் சட்டங்களைப் பார்த்தேன். வெறும் இரும்பு. ஏறி ஓடி எதிர்ப்பக்கம் தொங்க ஒரு ஆளும் அங்கே இல்லை. அடுத்த முறை மேலே போனபோது லாரி கேட்டில் நின்றிருந்தது. ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. வழக்கப்படி அது நிற்க வேண்டிய நேரம் நின்றது. அதற்கடுத்த முறை சாலையில் புழுதி மட்டும் இருந்தது.

இறங்கியதும் எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. கேட்டில் வாட்ச்மேன் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்குச் சிரித்த அதே ஆள். "கூப்டு கூப்டு பாத்துட்டுப் பூட்டாங்கம்மா. ஒருத்தரும் வரல்லியே" என்றார். காசியம்மாவின் புருஷன் சாம்பல் பூத்த முகத்தோடு உள்ளேயிருந்து வந்தான். கம்பி தடம் மாறிக் காலைச் சுற்றிவிட்டது, உயிர் இருந்தது என்று சொன்னான். மெட்ராஸ் போகும் அடுத்த ரயிலில் நானும் காசியம்மாவும் ஏறினோம். அவள் கட்டிய துணியோடு வந்தாள். வழி முழுக்க என் கையை விடவே இல்லை.

ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்க விடியும்வரை விடவில்லை. பார்த்தபோது வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. சட்டத்தில் பூனை மாதிரி ஓடிய கால். நான் அழுதது அதற்காக மட்டும் இல்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு, "கேட்டுல லாரிய நிறுத்துனாங்க. தலையத் தூக்கிப் பாத்தேன். ஒரு ஆளு இல்ல" என்றார். நான் ராட்டினத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவர் நிறுத்தவில்லை. "எப்பவும் ஊரே நிக்குமே. எனக்குன்னா யாரும் வரல. பர்மாக்காரனுக்கு இங்க யாரு வருவான்னு நெனச்சுக்கிட்டேன். அப்பறம்தான் வலியே தெரிஞ்சுது" என்றார். பின்னால் நின்ற காசியம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். ஊரே ராட்டினத்தின் அடியில் நின்றிருந்தது, நீங்கள் வேறு ஊர் என்று யாரும் நினைக்கவில்லை, உங்கள் சங்கை நாங்கள் விளையாட்டுச் சங்கு என்று நினைத்துவிட்டோம் என்று பலமுறை அவரிடம் சொல்லியிருக்கிறேன். சரி சரி என்பார். நம்பினாரா என்று எனக்கு இன்னும் தெரியாது.

ஆலைக்காரர்கள் அவரைக் கேட்டுக்கு மாற்றினார்கள். கட்டைக்காலை ஊன்றி நின்றபடி சங்கை ஊதுவது இப்போது அவர் வேலை. அடுத்த தையில் நைனா மறுபடியும் வந்தார். அவரைச் சொல்லக் கூடாது. காலனிப் பெண்கள் போய்ச் சுற்றி நின்றதும் முகம் வெளுத்துவிட்டது. "சங்கு இல்லாம யாரும்மா ஏறுவாங்க?" என்று முதலில் இழுத்தார். காசியம்மா முன்னால் வந்து, "மோளம் அட்ச்சிக்கோ நைனா. வேட்டு வெச்சிக்கோ. சங்கு மட்டும் வாணாம்" என்றாள். நைனா சங்கைக் கழற்றி அவளிடமே கொடுத்துவிட்டார். அது அவள் வீட்டுப் பரணில் கிடக்கிறது. இப்போது ஸ்பெஷல் நாட்களில் பறை அடிக்கிறார்கள். கூட்டம் குறையவில்லை.

திருச்சிக்காரிக்கு நான் சொல்வது இதுதான். ராட்டினம் பாவம், அது இரும்பு. மனுஷனுக்கு வாரம் ஒருநாள் கூவ ஓர் இடம் வேண்டும், அது தப்பில்லை. நானே உச்சியில் சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் ஏறும் முன் கீழே இருக்கிற ஆளைப் பார். நீ உண்மையாகக் கத்தினால் அவனுக்குத் தெரியுமா என்று பார். தெரியாது என்றால் ஏறாதே. உன் ஊரில் எந்தச் சத்தத்துக்கு ஜனங்கள் ஓடுவார்களோ, அந்தச் சத்தத்தை விளையாட்டுக்கு விட்டுக்கொடுக்காதே. திருவிழா முடிந்ததும் ராட்டினம் லாரி ஏறிப் போய்விடும். நாம்தான் இங்கே இருக்கவேண்டியவர்கள்.

போன வாரம் மாலையில் நேரம் தப்பிச் சங்கு ஊதியது. ஊதுவது என் வீட்டுக்காரர் கை. ஆகவே ஆலைக்குள் ஆளை அனுப்பியிருந்த பெண்களில் அந்த நிமிஷத்தில் தன் புருஷன் உயிரோடிருக்கிறான் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரே பெண் நான்தான். ஆனாலும் செம்புத் தண்ணீரை அடுப்பில் ஊற்றிவிட்டேன். வாசலில் காசியம்மா என்னைப் பார்த்து, "ஒன் ஆளுதானேக்கா ஊதறாரு, நீ இன்னாத்துக்கு ஓடியாறே?" என்றாள். நான் அவளுக்கு முன்னால் ஓடினேன். கேட்டில் எல்லோரும் போய் நெருங்கி நின்றோம். வயலில் ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு பெண் உச்சியிலிருந்து கத்துவது கேட்டது. விளையாட்டுக்கோ என்னவோ. கேட்டுக்கு உள்ளே கட்டைக்காலில் நின்ற மனிதர் சங்கின் பிடியை விட்டுவிட்டு, தலையைத் தூக்கி அந்த உச்சியைப் பார்த்தார். ராட்டினத்தை நிறுத்த எதிர்ப்பக்கம் தொங்குகிறவரைப் போல அவர் உடம்பு தானாகவே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நானும் அந்த ரங்கூன் ராட்டினத்தில் இருப்பதுபோல் இங்கே நின்றபடி அவரோடு சாய்ந்தேன். அப்போது லாரி வந்தது. உள்ளே படுத்திருந்தவன் தலையைத் தூக்கினான். நான் திரும்பி, அவன் கண்ணில் படும்படி முன்னால் போய் நின்றேன்.